பின்னிருக்கை

நாற்பத்து நான்காம் வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இதைச் சொன்னால் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு, "அதுவரை எதில்தான் போய்வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். பேருந்தில்தான். தஞ்சாவூரில் வீடு, நாற்பது நிமிடத் தொலைவில் கல்லூரி. இருபதாண்டுக் காலம் பேருந்தில் போய்வந்த எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. நான் வாசித்த நாவல்களில் பாதிக்குமேல் சன்னலோர இருக்கையில் வாசித்தவைதாம். 2020, 2021 ஆண்டுகளின் ஊரடங்கில் பேருந்துகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது எங்கள் தடத்தில் மாலையில் வந்துகொண்டிருந்த வண்டி திரும்பி வரவில்லை. ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 2022 கோடையில் 125 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினேன்.

கற்றுக்கொடுத்தவன் என் மாணவன். இளங்கலை மூன்றாமாண்டு. மாலையில் கல்லூரி விளையாட்டுத் திடலில் பாடம் நடக்கும். "ஐயா, கிளட்சை டக்குனு விட்டுராதீங்க. மெதுவா விடுங்க, வண்டி நகரப் பாக்குற எடத்துல அப்படியே நிறுத்திப் பிடிங்க" என்பான். நான் விட்டுவிடுவேன், வண்டி ஒருமுறை துள்ளி அணைந்துபோகும். "பரவால்லைங்கய்யா, இன்னொரு தடவ" என்பான். முந்தைய பருவத்தில் இதே பையனுக்கு நான் நன்னூல் நடத்தியிருந்தேன். புணர்ச்சி விதிகளில் அவன் திணறியபோது நான் காட்டாத பொறுமையை அவன் எனக்குக் காட்டினான். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தமக்குச் சற்றும் வராத ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகவேண்டும் என்று அந்த நாட்களில் தோன்றியது.

அவனிடமிருந்து பெற்ற முதல் பெரிய பாடம் பார்வை பற்றியது. திடலின் நடுவே ஒரு குழி. அதில் விழுந்துவிடக்கூடாதென்று அதையே பார்த்துக்கொண்டு போவேன். வண்டி நேராக அதற்குள்தான் இறங்கும். "குழியப் பாத்தா குழிக்குத்தான் போவீங்க. போகவேண்டிய எடத்தப் பாருங்க" என்றான். கண் போன வழியில் தோளும், தோள் போன வழியில் வண்டியும் போகின்றன. எங்கள் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் இன்னும் விந்தையான ஒன்றைச் சொன்னார். ஓரளவு வேகத்தில் போகும்போது இடப்புறம் திரும்பவேண்டுமானால் இடக்கைப் பிடியை முன்னோக்கி அழுத்தவேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்புறம் திரும்பும், வண்டி இடப்புறம் சாயும், அந்தச் சாய்வே திருப்பம். சைக்கிள் ஓட்டிய காலந்தொட்டு இதைத்தான் அறியாமல் செய்துவந்திருக்கிறேன். இலக்கணம் தெரியாமலே பிழையின்றிப் பேசுகிறவர்களைப் போல.

மாணவன் சொன்ன எல்லாமும் சரியல்ல. "முன் பிரேக்கத் தொடாதீங்க ஐயா, தூக்கி அடிச்சிரும்" என்றான். அவனுக்கு அவன் அண்ணன் சொன்னது. அண்ணனுக்கு வேறு யாரோ. ஊரெங்கும் இந்த உபதேசம் உலவுகிறது. உண்மையோ நேர்மாறானது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது. ஆகவே காய்ந்த நல்ல சாலையில் வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன்சக்கரத்தினுடையது. பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்போம். ஒன்றை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு சிறிய வண்டிகளில் 2019 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வந்துவிட்டது. இதையும் இயற்பியல் பேராசிரியரே விளக்கினார். நான் மகிழ்ந்துபோய் அன்றுமுதல் முன் பிரேக் பக்தனாகிவிட்டேன். அந்தப் பாடத்துக்குப் பிற்பாதி ஒன்று உண்டென்பதை அவர் சொல்லியிருக்கலாம், நான் கேட்காமல் விட்டிருக்கலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டேன். கையால் சைகை காட்டச் சொன்னார்கள், காட்டினேன். முடிந்தது. பிரேக் பிடித்துக் காட்டு என்று எவரும் சொல்லவில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கோட்டுக்குள் நிறுத்து என்று சொல்லியிருந்தால் அன்று அங்கே வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் தேறியிருப்போம்? எட்டு என்பது நடைவேகத்தில் செய்யும் வித்தை. நடைவேகத்தில் சாலையில் யாரும் சாவதில்லை.

இன்னொன்றையும் எவரும் கேட்கவில்லை: பின்னால் ஒருவரை அமர்த்தி ஓட்டத் தெரியுமா என்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிளில் தமக்குக் கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் ஏற்றக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பழகுகிற காலமெல்லாம் தனியாக ஓட்டுகிறோம். தேறிய மறுநாள் மனைவியையோ மகளையோ ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஐம்பது அறுபது கிலோ கூடுதல் எடை, அதுவும் உயரத்தில், பின்சக்கரத்துக்கு மேலே. வண்டியின் குணமே மாறிவிடுகிறது. நிற்க அதிகத் தூரம் வேண்டும். முன்சக்கரம் இலேசாகித் திருப்பத்தில் தயங்கும். சேலை கட்டியவர்கள் ஒருபுறமாக அமர்ந்தால் பாரம் ஒரு பக்கமாக விழும். ஓட்டுபவர் தம்மையறியாமல் மறுபக்கம் சாய்த்து ஈடுகட்டிக்கொண்டே போகவேண்டும். இவை எதையும் நான் தனியே பழகியதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் உரிமம் கைக்கு வந்தது. வந்த வாரமே என் மனைவி பின்னால் அமர்ந்தாள்.

வண்டி வாங்கியபோது கடையில் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். ஒன்றுதான். அது என் தலைக்கானது என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவது ஒன்று வாங்குவதைப் பற்றி ஒருநாள் பேச்செடுத்தேன். "தலையில பூ வெச்சிருக்கேன், அது மேல எப்படிங்க இத மாட்டறது?" என்றாள். எனக்கும் அது சரியான கேள்வியாகவே பட்டது. ஒரு கட்டளை மட்டும் இட்டேன்: "நான் ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதே, கவனம் சிதறும்." புதிதாக ஓட்டுபவனின் பதற்றத்தில் சொன்னது. அவள் அதை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்தாள்.

2023 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கபிஸ்தலம் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குள் நுழைவதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டவேண்டும். அதன்பின் காவிரியை ஒட்டிய சாலை. வளைவுகள் நிறைந்தது, அழகானது. சம்பா அறுவடை நேரம். ஒரு வளைவில் சாலையின் இடப்பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சுற்றிலும் கருங்கல் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள், வழக்கம்போல. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. ஒதுங்க இடமின்றி நெல்லின்மேல் ஏறினேன். ஏறிய கணத்தில், கற்ற பாடத்தை மறவாதவனாய், முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன்.

பாடத்தின் பிற்பாதி இதுதான். உருளும் மணல், ஜல்லி, தானியம் எதன்மேலும், வண்டி சாய்ந்திருக்கும் நிலையிலும் முன் பிரேக்கை அப்படிப் பிடிக்கலாகாது. வேகத்தையெல்லாம் அதற்கு முன்பே இறக்கிவிடவேண்டும். ஏறியபின் கைகாலைச் சும்மா வைத்துக்கொண்டு நேராகத் தாண்டிப் போகவேண்டும். என் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு, காலடியிலிருந்து பாயை உருவியதுபோல் போய்விட்டது. இருவரும் இடப்புறம் விழுந்தோம்.

எனக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. என் ஹெல்மெட்டில் இடக்காதுக்கு மேலே, நகம் புதையும் ஆழத்தில் ஒரு கீறல். அவளுக்குப் பின்தலையில் ஏழு தையல். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் தம் தோள்துண்டைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைவரை கூட வந்தார். அன்று அவருக்குக் கூலி போயிருக்கும். அடுத்த வாரமே பருவம் தவறிய மழை வந்து டெல்டா முழுக்க நெல் நனைந்தது. அவர்கள் நெல் என்ன ஆனதென்று நான் போய்ப் பார்க்கவில்லை.

தலையை ஸ்கேன் செய்தார்கள். உள்ளே கசிவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். பெரிய ஆபத்து நீங்கியது என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லிப் போனார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் வாசலில் இருந்த எனக்குப் பால் தீய்ந்த நாற்றம் எட்டியது. உள்ளே போனால், அடுப்புக்கு நான்கடி தள்ளி அமர்ந்து அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பாத்திரத்தின் அடி கருகிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மணத்தை உணர்த்தும் நுண்ணிய நரம்பிழைகள் மூக்கின் மேற்கூரையில் இருக்கும் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குள் போகின்றன. தலையில் அடி விழும்போது மூளை ஒரு கணம் குலுங்குகிறது, இழைகள் அறுந்துவிடுகின்றன. பின்தலையில் விழும் அடிக்கு இது அரிதல்ல. சிலருக்குச் சில மாதங்களில் மீளும், பலருக்கு மீளாது. அவளுக்கு இரண்டாண்டுக்கு மேலாகிவிட்டது, மீளவில்லை. உப்பும் புளிப்பும் காரமும் தெரிகின்றன. கண்ணை மூடிக்கொண்டால் சாம்பார் எது, வற்றல்குழம்பு எது என்று அவளுக்குப் பிரித்தறிய முடிவதில்லை. எரிவாயு கசிந்தால் தெரியாது என்பதால் இரவில் நான் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இனி நான் சொல்லவந்த விஷயம். விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் நான் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "ரோட்டில் நெல் கொட்டியிருந்தார்கள்." கேட்டவர்கள் தலையசைப்பார்கள்; விவசாயிகளைத் திட்டுவார்கள்; பேச்சு அத்தோடு முடியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பது விதி. களமில்லாத சிற்றுழவர் தையின் பனியில் அறுத்த நெல்லை எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார்? இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்துகொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

மனுநீதிச் சோழன் கதையை இருபதாண்டாக வகுப்பில் நடத்துகிறேன். திருவாரூர்க் கோயிலை ஒட்டிக் கல்தேர் நிற்கிறது. மாணவர்களைக் கூட்டிப் போய்க் காட்டியும் இருக்கிறேன். தமிழில் எழுதப்பட்ட ஆகப் பழைய சாலை விபத்து வழக்கு அது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாம் அரசனின் நீதியைத்தான் பேசிப் பேசி வியக்கிறோம். சேக்கிழார் இளவரசனையும் அமைச்சர்களையும் எப்படிக் காட்டுகிறார் என்பதைக் கவனிப்பதில்லை. கன்று தானாகத் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. இளவரசன் உள்ளம் பதறினான். பதறியவன் என்ன செய்யப் பார்த்தான்? அரசன் காதுக்கு எட்டுமுன் கழுவாய் செய்துவிட அந்தணரைத் தேடிப் போனான். அமைச்சர்களும் கழுவாயே போதும் என்றார்கள். என்னுடைய "ரோட்டில் நெல்" அப்படி ஒரு கழுவாய்.

ஒருநாள் யாரிடமோ மூன்றாம் முறையாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனபின் அவள் சொன்னாள், குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல்: "நெல்லு தூரத்துலயே தெரிஞ்சுதுங்க." ஒருபுறமாக, இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு வளைவின் உட்பக்கம் என்னைவிட முன்பே கண்ணில் பட்டிருக்கிறது. "அப்ப ஏன் சொல்லல?" என்றேன். "பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே."

இதற்குமேல் நான் விரித்துச் சொல்ல விரும்பவில்லை. பொதுவாகச் சிலவற்றைச் சொல்லலாம். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அந்த ஆண்டில் மாநிலங்களில் மிக அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. பின்னிருக்கைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது புதிய செய்தியன்று. சென்னை உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கே வலியுறுத்தப்பட்டு வருகிறது. 2019இல் திருத்தப்பட்ட சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரையும் விட்டுவைக்கவில்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. அப்போது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பெரிய விவாதம்; அரசு மக்களைச் சுரண்டுகிறது என்று உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன். கன்னத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டென்று பட்டியலிடத் தெரிந்த எனக்கு, என் வீட்டுத் தலைகள் எத்தனை என்று எண்ணத் தெரியவில்லை.

ஆகவே என் கருத்து இது: ஹெல்மெட்டை அபராதத்தின் பேச்சாகவே நாம் வைத்திருப்பதால்தான் அது ஓட்டுபவரின் தலையில் மட்டும் ஏறுகிறது. காவலர் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். பின்னால் இருப்பவர் சுமைக்கணக்கில் போய்விடுகிறார். இரண்டாவது ஹெல்மெட் வாங்க நான் போனபோது கடைக்காரர், "மேடத்துக்குத்தானே சார், பின்னாடி உக்கார்றவங்களுக்கு இது போதும்" என்று ஒரு மெல்லிய தொப்பியை எடுத்து நீட்டினார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கக்கூடாது என்று 2021 ஜூன் முதலே தடை இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அவர் கேட்டு வாங்கிப்போகிறவர்களை அறிந்தவர். உரிமம் தருமுன் ஒருவரைப் பின்னால் அமர்த்தி ஓட்டச் சொல்லவேண்டும். நிறுத்திக் காட்டச் சொல்லவேண்டும். அந்தச் சோதனைக்கு அந்த வீட்டிலிருந்தே ஒருவர் வரட்டும். கூடுதலாக அரைமணி நேரம் ஆகுமே தவிர வேறு செலவில்லை.

படுத்திருந்த நாட்களில், இளமையில் ஆவலோடு படித்த ராபர்ட் பிர்சிக்கின் புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். 1974இல் வந்தது, மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென்னையும் தலைப்பில் சேர்த்துக் கட்டியது. முன்பு அதில் தத்துவத்தை மட்டும் படித்திருக்கிறேன். இம்முறை பின்னிருக்கையில் வரும் பதினொரு வயதுப் பையன்தான் கண்ணில் பட்டான். அவ்வளவு நெடிய பயணம் முழுக்க அவனுக்குக் கிடைத்த காட்சி அப்பாவின் முதுகு. முடிவில் அவன் கால்தாங்கியில் எழுந்து நின்று தந்தையின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கிறான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் தெரிகிறது. நெகிழவைக்கும் முடிவு. ஆனால் அந்த இடத்தில் இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், அதனால் தடையில்லாமல் பேசிக்கொள்ள முடிகிறது. முன்பு அந்த வரியில் என் கண் நின்றதேயில்லை. இப்போது அதைத் தாண்டிப் போக முடியவில்லை. தந்தையும் மகனும் பேசிக்கொள்வது நல்லது என்பதை மறுக்க மாட்டேன். அதற்குத் தலையைத் திறந்துகொள்ளத்தான் வேண்டுமா?

நாங்கள் வேறு வழி கண்டோம். இப்போது அவள் சுடிதார் அணிந்து இருபுறமும் காலிட்டு அமர்கிறாள். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நிறுத்து. ஏன் என்று கேட்கக்கூடாது, நிறுத்தியபின்தான் கேட்கலாம். முல்லைப் பாட்டுகளில் பின்னால் நிற்கும் தலைவன் பாகனை விரைந்து ஓட்டு, விரைந்து ஓட்டு என்றே ஏவிக்கொண்டிருப்பான். இங்கே ஏவல் எல்லாம் மெதுவாகப் போகச் சொல்லித்தான். முதல் ஒரு மாதம் எனக்கு எரிச்சலாக இருந்ததை மறைக்கவேண்டியதில்லை. குழி, நாய், பந்து விளையாடும் பிள்ளைகள், தெரு முனையில் கதவைத் திறக்கப்போகும் கார் என்று அவள் பார்ப்பவற்றில் பாதியை நான் பார்ப்பதில்லை.

பூ இன்னும் வைக்கிறாள். ஹெல்மெட் நசுக்காதபடி பின்னலின் கீழே, கழுத்துக்குத் தாழ. போன தையில் அதே சாலையில் போனோம். வளைவுக்கு வெகுமுன்பே தோளில் ஒரு தட்டு. நெல் இருந்தது, வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டே அதைக் கடந்தோம். கடந்தபின், "காயற நெல்லு வாசம் இருக்குமே, வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "எப்படி வருது?" என்றாள். கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் சூடான மண், அவிந்த மாதிரி ஒரு இனிப்பு என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். "சரிதான்" என்று ஏறி அமர்ந்தாள்.